மளிகை விலையும் மாணவர் கணக்கும்

பண்டங்களின் விலையைக் கேட்டறிவது எளிது. இரண்டு விலைகளை முறையாக ஒப்பிட்டு, எது மலிவு என்று ஐயமின்றிச் சொல்வது அத்துணை எளிதன்று. கூலி பெற்று வாழும் குடும்பத்தின் கைப்பணம் சிறிது சிறிதாகக் கரைவதற்கு இவ்வொப்பீட்டுப் பழக்கம் இன்மையும் ஒரு காரணமாகும். ஆதலின் இக்கணக்கைப் பள்ளிப் பருவத்திலேயே பயிற்றுவித்தல் நலம். அதற்கு ஏற்ற கருவியாகக் கணினி விரிதாள் இன்று நம் கைக்கு எட்டியிருக்கிறது. அதனை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதையும், கூட்டுறவு இயக்கத்தினர் இதில் ஏன் அக்கறை கொள்ள வேண்டும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

ஊரும் கடைத்தெருவும்

2019 நவம்பர் 28ஆம் நாள் உதயமான இராணிப்பேட்டை மாவட்டத்தில், பாலாற்றை அடுத்து, ஆற்காட்டிலிருந்து வேலூர் செல்லும் வழியில் அமைந்துள்ளது மேல்விஷாரம். தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் பெயர் பெற்ற ஊர். 1965இல் தொடங்கப்பெற்ற சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியால் கல்வியிலும் பெயர் பெற்றது. தமிழும் உருதும் வழங்கும் இவ்வூரைச் சூழ்ந்து நெல்லும் நிலக்கடலையும் விளையும் சிற்றூர்கள் உள்ளன. சற்றுத் தொலைவில் வாலாஜாப்பேட்டை, குடியாத்தம் முதலிய நெசவூர்கள் இருக்கின்றன.

இத்தகைய ஊரின் கடைத்தெருவில் ஒரே பண்டம் பல உருவங்களில் விற்கப்படுகிறது. தெருமுனைக் கடையில் துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். பல்பொருள் அங்காடியில் அதுவே பளபளக்கும் உறையில் இருக்கிறது. கூட்டுறவுப் பண்டகசாலையிலும் கிடைக்கிறது. கைப்பேசியில் சொல்லிவிட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோரும் உளர். நான்கு இடத்திலும் நான்கு அளவு, நான்கு விலை. தொழிற்சாலையிலிருந்து மாலையில் திரும்பும் தாய், அடுப்பேற்றும் அவசரத்தில், இவற்றுள் எது இலாபம் என்று மனக்கணக்குப் போட இயலுமா? அக்கணக்கை அவருடைய மகளோ மகனோ போட்டுத் தருவதற்கு வழியுண்டு.

அளவுகளின் மயக்கம்

நம் பாட்டனார் காலத்தில் படி, ஆழாக்கு, வீசை, பலம் என்ற அளவுகள் வழங்கின. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறியது. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டமும், 1957 ஏப்ரல் 1 முதல் வந்த நயா பைசாவும் இந்த மயக்கத்தை நீக்கின. ரூபாய்க்கு நூறு காசு, கிலோவுக்கு ஆயிரம் கிராம் என்றாகவே, சிறுவனும் வகுத்துப் பார்க்கும் நிலை ஏற்பட்டது.

ஆனால் இன்று வேறொரு மயக்கம் புகுந்துள்ளது. முன்னர், குறித்த சில பண்டங்களை இன்னின்ன எடையில்தான் சிப்பமிட வேண்டும் என்று சிப்பப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2021 நவம்பரில் வெளியான திருத்தம் அவ்வட்டவணையை நீக்கியது. உற்பத்தியாளர் 850 மில்லி லிட்டர் என்றும் 475 கிராம் என்றும் தம் விருப்பம்போல் அடைக்கலாம் என்றாயிற்று. அதற்கு ஈடாக, ஓர் அலகின் விற்பனை விலையையும் உறையின்மேல் அச்சிட வேண்டும் என்று அதே திருத்தம் விதித்தது.

இது நல்ல ஏற்பாடே. எனினும் இரண்டு நுட்பங்களை நாம் அறிதல் வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த சிப்பத்தில் கிராம் ஒன்றுக்கான விலையும், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட சிப்பத்தில் கிலோ ஒன்றுக்கான விலையும் அச்சாகும். எனவே சிறிய உறையையும் பெரிய உறையையும் அருகருகே வைத்தாலும் அவ்விரு எண்களை அப்படியே ஒப்பிட இயலாது. அடுத்து, இவ்விலை ரூபாயில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கப்படுகிறது. 500 கிராம் பருப்பு ஓரிடத்தில் 78 ரூபாய், மற்றோரிடத்தில் 82 ரூபாய் என்று கொள்வோம். கிராம் விலை முறையே 0.156, 0.164. இரண்டையும் முழுமையாக்கினால் 0.16 என்ற ஒரே எண்தான் வரும். உறையைப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றும். உண்மையிலோ கிலோவுக்கு 8 ரூபாய் வேறுபாடு உண்டு. அச்சிட்ட எண் இருந்தும் நாமே வகுத்துப் பார்க்க வேண்டிய தேவை இதனால் விளங்கும். (இக்கட்டுரையில் வரும் மளிகை விலைகள் கணக்கு விளங்கும்பொருட்டு இட்டவை, எந்தக் கடையின் விலையும் அல்ல.)

அரிசியிலும் இத்தகைய விந்தையைக் காண்கிறோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை சிப்பமிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு முதலியவற்றுக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. அதன் பின்னர் 26 கிலோ அரிசி மூட்டை கடைகளில் தலைகாட்டியது. 25 கிலோ 1,450 ரூபாய், 26 கிலோ 1,495 ரூபாய் என்றால் எது மலிவு? மூட்டை விலையைப் பார்ப்பவர் முன்னதைக் கொள்வார். வகுத்துப் பார்ப்பவர், முன்னது கிலோ 58 ரூபாய், பின்னது 57 ரூபாய் 50 காசு என்று அறிவார்.

விரிதாள் என்னும் கருவி

விரிதாள் என்பது கட்டம் கட்டமாகக் கோடிட்ட பேரேடு போன்றது. நெடுக்கில் பத்திகளும் குறுக்கில் வரிசைகளும் உண்டு. காகிதப் பேரேட்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. இங்கு ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதலாம். ‘விலைப் பத்தியில் உள்ளதை எடைப் பத்தியில் உள்ளதால் வகு’ என்று ஒருமுறை எழுதி அதனைக் கீழே இழுத்துவிட்டால், நூறு வரிசைக்கும் விடை வந்து நிற்கும். நாளை ஒரு விலை மாறினால் அந்த ஓர் எண்ணை மாற்றினாற் போதும். அதனைச் சார்ந்த விடைகள் யாவும் தாமே மாறும்.

இக்கருவியும் வகுப்பறையில் கருக்கொண்டதே. அமெரிக்க நாட்டில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின், கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் மாறினால் மற்ற எண்கள் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு இவ்வெண்ணம் கொண்டார். பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் ஆக்கிய ‘விசிகால்க்’ 1979இல் வெளிவந்தது. இன்று மக்கள் ‘எக்செல்’ என்று பொதுப்படச் சொல்லும் கருவிகள் அதன் வழிவந்தவை. விலையின்றிக் கிடைக்கும் ‘லிப்ரே ஆபீஸ் கால்க்’ போன்றவையும் உள்ளன. 2018இல் புதுப்பிக்கப்பெற்ற தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலிலேயே ‘ஓப்பன் ஆபீஸ் கால்க்’ பாடமாக இடம்பெற்றது. ஆகவே கருவி மாணவருக்குப் புதிதன்று. பாடநூலின் மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாக வீட்டு மளிகைச் சீட்டை அதில் ஏற்றுவதே நாம் வேண்டுவது.

கற்பிக்கும் முறை

முதலாவதாக, பண்டங்களின் பெயரை ஒழுங்கு செய்தல் வேண்டும். ஒரு மாணவர் துவரம்பருப்பு என்றும், மற்றொருவர் தூர்தால் என்றும் எழுதினால் விரிதாள் அவற்றை இரு பண்டங்களாகவே கருதும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று வகுப்பு முழுவதும் உடன்பட்ட பின்னரே எண்களை ஏற்ற வேண்டும்.

இரண்டாவதாக, தரத்தைப் பிரிக்க வேண்டும். பிரியாணிக்குரிய சீரகச் சம்பாவையும் அன்றாடச் சோற்றுக்குரிய பொன்னியையும் ஒரே வரிசையில் இட்டு ‘இக்கடை அரிசி விலை மிகுதி’ என்பது அறியாமை. புதிய அரிசியும் பழைய அரிசியும் கூட ஒன்றாகா.

மூன்றாவதாக, அளவு, விலை, நாள் ஆகிய மூன்றையும் தவறாது குறிக்க வேண்டும். நாள் குறியாத விலை பயனற்றது. நோன்பு மாதத்தில் கஞ்சிக்குரிய பச்சரிசியும் பாசிப்பருப்பும் மிகுதியாக விற்பனையாகும். அம்மாதத்தின் விலையை ஒரு கடையிலும், அதற்கு முந்தைய மாதத்தின் விலையை மற்றொரு கடையிலும் எடுத்து ஒப்பிடுவது நடுநிலை ஆகாது. மேலும், உறையில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலையே. கடைக்காரர் அதற்குக் குறைத்தும் தரலாம். மாணவர் குறிக்க வேண்டியது கொடுத்த பணத்தை.

நான்காவதாக, எல்லா அளவையும் ஓர் அலகுக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெயில் இது மிகவும் தேவை. உறை எண்ணெய் லிட்டரிலும், செக்கு எண்ணெய் சில இடங்களில் கிலோவிலும் விற்கப்படுகிறது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும். எனவே லிட்டர் 182 ரூபாய் என்பது கிலோ 200 ரூபாய்க்குச் சமம். வெப்பம் மிகுந்தால் எண்ணெய் விரியும் ஆதலால், உயர்ந்த வெப்பநிலையைக் குறித்து அளவு காட்டினால் அதே லிட்டரில் எடை குறையும். இதனால் 2022 ஆகஸ்டில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவையும், அதனுடன் எடையையும் உறையில் அச்சிடுமாறு எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 850 மில்லி லிட்டர் உறை 160 ரூபாய் எனில், 182 ரூபாய் லிட்டர் உறையைவிட மலிவு போல் தோன்றும். வகுத்தால் லிட்டர் 188 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

பெரிய உறை எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் மாணவர் சோதித்தல் வேண்டும். பருப்பில் அது பெரும்பாலும் மெய். தலைக்கிடும் ஷாம்புவில் பல வேளை பொய். கடலூர் சின்னிகிருஷ்ணன் அவர்கள் முன்னோடியாக இருந்து பரப்பிய சிற்றுறை முறையால் ஷாம்பு ஏழையர் வீட்டுக்கும் எட்டியது. அச்சிற்றுறைகளில் மில்லி லிட்டர் விலை புட்டியின் விலையைவிடக் குறைவாக இருப்பதைப் பலமுறை காணலாம். பழமொழியை நம்பாமல் வகுத்துப் பார்ப்பவருக்கே உண்மை தெரியும்.

பண்ட விலையும் குடும்பச் செலவும்

மேற்கூறிய நான்கோடு நின்றுவிட்டால் பாடம் பாதியே. எந்தக் கடையில் எத்தனைப் பண்டம் மலிவு என்று எண்ணுவது போதாது. குடும்பம் மாதந்தோறும் எந்தப் பண்டத்தை எவ்வளவு வாங்குகிறது என்பதே கணக்கின் உயிர்நிலை. ஜெர்மானிய அறிஞர் லாஸ்பேயர் 1871இல் விலைவாசிக் குறியீட்டுக்கு வகுத்த முறையும் இதுவே: ஒரு குறித்த கூடைப் பொருள்களின் மொத்த விலையைக் காண்பது.

ஒரு குடும்பத்துக்கு மாதம் அரிசி 25 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, எண்ணெய் 3 லிட்டர், சர்க்கரை 2 கிலோ வேண்டும் என்க. முதற்கடையில் அரிசி 56, துவரை 170, உளுந்து 150, எண்ணெய் 190, சர்க்கரை 46 ரூபாய். இரண்டாங் கடையில் அவை முறையே 59, 158, 140, 180, 44. ஐந்தில் நான்கு பண்டங்கள் இரண்டாங் கடையில்தான் மலிவு. ஆயினும் மொத்தம் என்ன? முதற்கடையில் 2,702 ரூபாய். இரண்டாங் கடையில் 2,699 ரூபாய். வேறுபாடு மூன்றே ரூபாய். நான்கு பண்டங்களில் கிடைத்த ஆதாயத்தை அரிசி ஒன்றே விழுங்கிவிட்டது.

அரிசியை முதற்கடையிலும் மற்றவற்றை இரண்டாங் கடையிலும் வாங்கினால் 2,624 ரூபாய். 75 ரூபாய் மிச்சம். ஆனால் இரண்டாங் கடை வேலூரிலோ ஆற்காட்டிலோ இருந்தால் போக்குவரத்துச் செலவை ஒரு வரிசையாகச் சேர்க்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததால், தந்தை செல்வதற்கும் தாய் செல்வதற்கும் இவ்வரிசையில் எண் மாறும். தாயின் நேரத்துக்கும் விலையுண்டு என்று ஒரு மாணவி கேட்பாளாயின் அதனை ஆசிரியர் வரவேற்க வேண்டும்.

நியாயவிலைக் கடையின் பண்டங்களைத் தனிப் பட்டியலில் வைப்பது முறை. 2011 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்பெற்றது. அது அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து தருவது ஆதலால், அந்த அளவைக் குடும்பத் தேவையிலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதற்கே கடை விலையை ஒப்பிட வேண்டும்.

மறைந்திருக்கும் வட்டி

இப்பாடத்தில் மிகவும் கவலைக்குரிய பகுதி கடன் கொள்முதல். சம்பள நாள் வரும்வரை கணக்கில் வாங்கும் வழக்கம் நம் தொழிலாளர் குடும்பங்களில் பரவலாக உண்டு. ரொக்கத்துக்கு 158 ரூபாய் விற்கும் பருப்பு கணக்கில் 166 ரூபாய் என்றால், ஒரு மாதத் தவணைக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டியாகிறது, ஆண்டுக்கு அறுபது. இந்த எண்ணை எந்தக் கடையிலும் யாரும் எழுதி வைப்பதில்லை. விரிதாளில் ‘ரொக்கம்’, ‘கணக்கு’ என்று இரு பத்திகள் இட்டால் அது தானே வெளிப்படும்.

ஆனால் தெருமுனைக் கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. காய்ச்சலில் கிடந்த வாரத்தில் அரிசி தந்தவர் அவரே. வராக் கடனின் சுமையைத் தாங்குபவரும் அவரே. அவருடைய விலையில் அந்த உதவியின் விலையும் அடங்கியிருக்கிறது. அவ்வுதவிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைக் குடும்பம் அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின், வேறு வழியில் அதனைக் குறைக்க இயலுமா என்று சிந்திக்கலாம்.

கூட்டுறவு இயக்கம் பிறந்ததே இச்சிந்தனையில்தான். இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் கூடி, 1844 டிசம்பர் 21இல் டோடு லேன் தெருவில் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களே அன்று இருந்தன. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கியதற்கேற்ற இலாபப் பங்கு ஆகியவற்றை அவர்கள் கொள்கையாகக் கொண்டனர். கடனில் மூழ்கிய தொழிலாளியை மீட்கவே ரொக்க விற்பனையை வற்புறுத்தினர். நம் நாட்டில் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அவ்வழியைப் பின்பற்றிய முன்னோடியாகும்.

நெசவாளரும் விவசாயியும்

இஃது மளிகைக் கணக்குத்தானே, நமக்கென்ன என்று நெசவாளரும் விவசாயிகளும் எண்ணலாகாது. நூல் வாங்கும் நெசவாளர் இக்கணக்கை நெடுங்காலமாக அறிவார். நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதைக் குறிக்கும். எனவே ஒரு கிலோ 40ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் நீளமும், 60ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 102 கிலோமீட்டர் நீளமும் இருக்கும். கிலோ விலையை மட்டும் பார்த்து எந்த நெசவாளரும் இவ்விரண்டையும் ஒப்பிடமாட்டார். அந்த அறிவையே பருப்புக்கும் எண்ணெய்க்கும் நீட்டுகிறோம்.

விவசாயிக்கோ தேவை இன்னும் பெரிது. வட மாவட்டங்களில் வியாபாரி நெல்லை 75 கிலோ மூட்டைக்கு விலை பேசுகிறார். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். அரசு அறிவிக்கும் ஆதரவு விலையோ நூறு கிலோ கொண்ட குவிண்டாலுக்கு. மூன்றையும் ஒரு கிலோவுக்குக் கொண்டுவந்து, வண்டிக் கூலியையும் பணம் கைக்கு வரும் நாளையும் பக்கத்தில் குறித்துக் கொடுக்கும் மகன் அவ்வீட்டுக்குப் பெருந்துணை அன்றோ? 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் நாள்தோறும் பலகையில் விலை எழுதப்படுகிறது. அப்பலகையை நாள்தோறும் விரிதாளில் ஏற்றிவரும் வகுப்பு, ஓராண்டில் அரியதொரு பதிவேட்டைப் பெற்றுவிடும். தக்காளி எந்த மாதத்தில் ஏறி எந்த மாதத்தில் வீழ்ந்தது என்பதை விளைவிப்போரும் அதில் காணலாம்.

நம் கடமை

கூட்டுறவுப் பண்டகசாலைகள் இதற்கு உதவ முன்வர வேண்டும். மாணவர் குறிப்பேட்டுடன் வந்தால் விலையைக் காட்ட வேண்டும். எடைக் கருவியை அவர்கள் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். சங்கங்களின் நிகர இலாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்கு செலுத்துகிறோம். உலகக் கூட்டுறவு அமைப்பு 1995இல் மான்செஸ்டரில் வரையறுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும் தகவலும் ஆகும். இத்தகைய பாடத்தைவிட அக்கொள்கைக்கு ஏற்ற செயல் யாதுளது?

இங்கு ஓர் ஐயம் எழலாம். மாணவர் கணக்கில் நம் பண்டகசாலையின் விலையே மிகுதி என்று தெரியவந்தால் என்செய்வது? பண்டகசாலைகளின் ஏடுகளைப் பார்வையிடும் பணியில் உள்ளவன் என்ற முறையில் என் கருத்தைக் கூறுகிறேன். அவ்வெண்ணை மறைக்கலாகாது. அதனை நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். கொள்முதல் விலை மிகுதியா, இருப்பில் சேதாரம் மிகுதியா, போக்குவரத்துச் செலவா என்று ஆராய அதுவே தொடக்கமாகும். நம் விலை குறைவெனில் அதனை ஊரறியச் சொல்ல மாணவரின் பட்டியலைவிட நம்பத்தக்க விளம்பரம் வேறில்லை. இரண்டில் எதுவாயினும் சங்கத்துக்கு நன்மையே. தன் அங்கத்தினரின் பிள்ளைகள் போடும் கணக்குக்கு அஞ்சும் சங்கம், அங்கத்தினரின் சங்கம் என்று சொல்லிக்கொள்ள இயலாது.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றி உரை நிகழ்த்துவதோடு நில்லாமல், அவ்வாரத்தில் ஒவ்வொரு பண்டகசாலையின் வாயிலிலும் அவ்வூர் மாணவர் ஆக்கிய விலைப் பட்டியலை ஒட்டி வைப்போமாக. அதில் நாளும் அளவும் கிலோ விலையும் தெளிவாக இருக்கட்டும். வாங்க வருவோர் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே வரட்டும்.